தங்கவயலின் வழக்கை நடத்துவது யார்? கோலாரும் ஜோகன்னஸ்பர்க்கும்

கோலார் தங்கவயலில் 1930-ல் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. அது கூலி உயர்வு கேட்டு எழுந்ததல்ல. தொழிலாளர் ஒவ்வொருவரின் கைரேகையையும் எடுத்துப் பதிவேட்டில் ஏற்றுவது என்று சுரங்க நிர்வாகம் முடிவு செய்தபோது, வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குடியேறியிருந்த மக்கள் கீழே இறங்க மறுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அதற்கு இருபத்துநான்கு ஆண்டுகள் முன்பு, 1906-ல், உலகின் இன்னொரு தங்கவயலான, தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் எல்லோரும் ரேகை பதித்துப் பெயர் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. அங்கே அதை எதிர்த்துக் கடைசிவரை தளராமல் சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். தம்பி நாயுடுவின் பெயர் அந்த வரலாற்றில் முதலில் வரும்.

மக்களும் ஒன்று, எதிர்ப்பும் ஒன்று. வேறுபாடு ஒன்றில்தான். டிரான்ஸ்வாலின் ஜோகன்னஸ்பர்க்கில் அந்த மக்களுக்கு ரிஸ்ஸிக் தெருவில் ஒரு வக்கீல் அலுவலகம் இருந்தது. அங்கே காந்தி அட்டர்னியாகத் தொழில் செய்தார். ஒப்பந்தக் கூலிகளாகப் போன பெற்றோருக்கு நேட்டாலில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, பாரிஸ்டராகத் திரும்பிய ஜோசப் ராயப்பன் என்ற தமிழர் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கித் தெருவில் விற்று, உரிமம் இல்லாத வியாபாரி என்று கைதாகிச் சிறை சென்றார். தங்கவயலில் 1930-ல் தொழிலாளர் சங்கம் பதிவு செய்யவே மைசூர் சமஸ்தானத்தில் சட்டம் கிடையாது. அந்த மக்களின் பேரில் வக்காலத்துப் போட்டு நிற்கும் ஓர் அலுவலகம் அந்த ஊரில் வேர்விட்டிருக்கவில்லை.

வழக்கறிஞர் தொழிலில் எல்லாத் தரப்பினரும் இடம்பெற வேண்டும் என்ற பேச்சு இன்று பரவலாக இருக்கிறது. எத்தனை பெண்கள், எத்தனை தலித்துகள், எத்தனை சிறுபான்மையினர் என்று எண்ணுவதோடு அது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. எண்ணத்தான் வேண்டும், நானும் பின்னால் எண்ணப் போகிறேன். ஆனால் இந்த இரண்டு தங்கவயல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அதற்கு முந்திய ஒரு கேள்வி தெரிகிறது. ஓர் ஏழை ஊரின் வழக்கைத் தூக்கிச் சுமக்கும் தெம்பு உள்ளூர் வக்கீல் தொழிலுக்கு எங்கிருந்து வருகிறது?

சுரங்கத் தூசியிலிருந்து தொடங்குவதே சரி. பாறையைத் துளைக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூள் நுரையீரலில் படிந்து அதை மெல்ல இறுக்கிவிடும். இந்த சிலிக்கோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது கோலார் தங்கவயலில்தான், 1934-ல். மைசூர் சமஸ்தானம் 1940-ல் இதை இழப்பீட்டுக்குரிய நோயாக அறிவித்தது. நாற்பதுகளில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்த ஆய்வு நூற்றுக்கு 43-க்கும் மேற்பட்டோரிடம் இந்த நோயின் தடத்தைக் கண்டது. அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. இரண்டு பேர் ஷாஃப்டில் இறங்கினால் ஏறத்தாழ ஒருவர் நோயோடு மேலே வந்திருக்கிறார்.

ஜோகன்னஸ்பர்க் வட்டாரத்தில் தங்கம் 1886-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கும் அதே தூசி, அதே இருமல். அங்கே நோய்க்கும் நிறம் பார்த்தார்கள். வெள்ளைத் தொழிலாளிக்கு ஓய்வூதியம், கறுப்பருக்கு ஒரே தடவையில் ஒரு சிறு தொகை என்று நெடுங்காலம் இருந்தது. தெம்பெகிலே மன்காயி என்பவர் 1979 முதல் 1995 வரை வால் ரீஃப்ஸ் சுரங்கத்தில் வேலை செய்து நுரையீரலை இழந்தார். சட்டப்படி அவருக்குக் கிடைத்தது 16,320 ராண்டு. அதை வாங்கிய பிறகும் கம்பெனி மேல் வழக்குப் போட முடியுமா என்பது கேள்வி. கீழ்க்கோர்ட்டிலும் மேல்முறையீட்டிலும் தோற்று, 2011 மார்ச்சில் அரசமைப்பு நீதிமன்றத்தில் வென்றார். தீர்ப்புக்குச் சில நாள் முன்பே அவர் இறந்துபோயிருந்தார்.

ஆனால் அவர் திறந்த வழியில் ஆயிரக்கணக்கானோர் நுழைந்தார்கள். 2016 மே 13 அன்று ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் 32 தங்கச் சுரங்க நிறுவனங்களுக்கு எதிரான கூட்டு வழக்கை அனுமதித்தது. தொழிலாளி இறந்துவிட்டால் அவருடைய வேதனைக்கான இழப்பீடு குடும்பத்துக்குப் போகும் என்றும் சொன்னது. 2018-ல் ஆறு பெரிய நிறுவனங்கள் சமரசத்துக்கு வந்தன. 2019 ஜூலையில் நீதிமன்றம் அதை ஏற்றது. 500 கோடி ராண்டு ஒதுக்கி, அதைப் பகிர்ந்தளிக்க ஷியாமிசோ அறக்கட்டளை அமைந்தது.

தங்கவயலின் தூசி இப்படி ஒரு கூட்டு வழக்காகத் திரளவில்லை. இதை நினைக்கும்போது ஒரு முரண் உறுத்துகிறது. தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் ஆண்கள் மட்டும் கொட்டடிகளில் தங்கி வேலை பார்த்தார்கள். நோய் வந்ததும் லெசோத்தோவுக்கும் மொசாம்பிக்குக்கும் கிழக்குக் கேப்பின் கிராமங்களுக்கும் சிதறிப்போனார்கள். வக்கீல்கள் ஊர் ஊராகப் போய் அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. தங்கவயலிலோ குடும்பம் குடும்பமாகக் குடியேறினார்கள். மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், ஊர்காம் என்று லைன் வீடுகளில் நாலைந்து தலைமுறையாக ஒரே இடத்தில் வாழ்கிறார்கள். கட்சிக்காரர்களைத் திரட்டுவது இங்கேதான் எளிது. ஒரு லைனில் உட்கார்ந்து விசாரித்தால் அப்பா எந்த ஷாஃப்ட், மாமா எந்த ஷிஃப்ட் என்று பாட்டி ஒருவரே சொல்லிவிடுவார்.

பிறகு ஏன் நடக்கவில்லை? மக்களுக்கு விழிப்பு போதவில்லை என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. தங்கவயலைப் போல் விழிப்போடு இருந்த தொழிலாளர் ஊர் தென்னிந்தியாவில் குறைவு. அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியது. அவர் 1914-ல் மறைந்த பிறகு அவருடைய எழுத்துகளை அச்சிட்டுக் காத்தது தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை. 1920களில் அவர் நடத்திய ‘தமிழன்’ இதழ் ஜி.அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு இங்கிருந்துதான் மறுபடி வந்தது. 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கியால் சுட்டதில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த நாளை ஊர் இன்றும் நினைவுகூர்கிறது. அதே 1946-ன் ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிலும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்புச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பாரிஸ்டரான அம்பேத்கர் 1954-ல் தங்கவயலுக்கு வந்தார். அம்பேத்கரியர்களும் கம்யூனிஸ்டுகளும் இந்தத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார்கள். துணிச்சலும் அரசியலும் படிப்பும் இங்கே பஞ்சமில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அது வக்கீல் தொழிலின் அமைப்பில் இருக்கிறது.

முதலில் கட்டணம். தென்னாப்பிரிக்காவில் 1997-ல் வந்த ஒரு சட்டம், வழக்கு வென்றால்தான் கட்டணம் என்ற ஏற்பாட்டை அனுமதித்தது. வென்ற தொகையில் இவ்வளவுக்கு மேல் வக்கீல் எடுக்கக் கூடாது என்று உச்ச வரம்பும் வைத்தது. கையில் காசில்லாத ஆயிரம் பேருக்காக ஒரு வக்கீல் பத்தாண்டு உழைக்க அதனால் முடிந்தது. இந்தியாவில் பார் கவுன்சில் விதி இதை நேரடியாகத் தடுக்கிறது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைப்பதில் பங்கு கேட்பதும் ஒழுங்கீனம். இந்த விதியின் நோக்கம் நல்லது. கட்சிக்காரரைச் சுரண்டிவிடக் கூடாது, வழக்கு ஒரு சூதாட்டமாகிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. நடைமுறையில் ஏழையைச் சுரண்ட முடியாதபடி காத்த அதே விதி, ஏழைக்காக நெடிய வழக்கை எடுத்து நடத்த முடியாதபடியும் செய்துவிட்டது. வரம்போடும் நீதிமன்றக் கண்காணிப்போடும் இதைத் திருத்த முடியும். தொழில்நோய், விபத்து இழப்பீடு போன்ற வழக்குகளுக்கு மட்டுமாவது திருத்த வேண்டும் என்பது என் துணிபு.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொதுநல வழக்கு என்ற கதவை இந்தியா எண்பதுகளிலேயே திறந்தது. ஓர் அஞ்சலட்டையைக்கூட மனுவாக எடுத்துக்கொண்ட நீதிமன்றம் நம்முடையது. ஆனால் பொதுநல வழக்கு பெரும்பாலும் ஆணை தரும், கமிட்டி அமைக்கும், திட்டம் வகுக்கச் சொல்லும். இந்த ஆளின் இந்த நுரையீரலுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத் தருவது அதன் இயல்பு அல்ல. அதற்குத் தனித்தனியாக ஆவணம் திரட்டி, மருத்துவரை விசாரித்து, வாய்தா வாய்தாவாக நிற்கும் ஒரு வக்கீல் வேண்டும்.

இரண்டாவது, அந்த வக்கீல் உருவாகும் வழி. ஜோகன்னஸ்பர்க்கில் இது தற்செயலாக நடக்கவில்லை. கறுப்பருக்குப் பயிற்சி இடம் தர வக்கீல் நிறுவனங்கள் தயங்கிய நாற்பதுகளில், லாசர் சிடெல்ஸ்கி என்ற யூத வக்கீல் மண்டேலாவைத் தன் அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டார். அதற்கு வழக்கமாக வாங்கும் பணத்தையும் வாங்கவில்லை. 1952-ல் மண்டேலாவும் ஆலிவர் டாம்போவும் ஃபாக்ஸ் தெருவில் சான்சலர் ஹவுஸ் என்ற, இந்தியருக்குச் சொந்தமான கட்டிடத்தில் அலுவலகம் திறந்தார்கள். படிக்கட்டு வரை கூட்டம் நின்றது. 1954-ல் மண்டேலாவின் பெயரை வக்கீல் பட்டியலிலிருந்தே நீக்கச் சொல்லி டிரான்ஸ்வால் வக்கீல் சங்கம் மனுப் போட்டபோது, அவருக்காகக் கட்டணமின்றி வாதாடியவர் ஜோகன்னஸ்பர்க் பார் கவுன்சிலின் தலைவர் வால்டர் பொல்லக். மனு தள்ளுபடியானது.

அதே அலுவலகத்தில் பயின்ற காட்ஃப்ரே பிட்ஜே, நீதிமன்றத்தில் கறுப்பருக்கென்று ஒதுக்கிய தனி மேசையில் உட்கார மறுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1960-ல் அதை உறுதி செய்தது. பின்னாளில் கறுப்பு வக்கீல்கள் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1979-ல் ஆர்தர் சாஸ்கல்சனும் ஃபெலிசியா கென்ட்ரிட்ஜும் தொடங்கிய சட்ட வள மையம் ஏழைகளுக்காகச் சம்பள வக்கீல்களை வைத்து வழக்கு நடத்தியதோடு, இளம் கறுப்பு வக்கீல்களுக்குப் பயிற்சி இடமாகவும் இருந்தது. சிலிக்கோசிஸ் வழக்கை நடத்திய மூன்று தரப்பு வக்கீல்களில் ஒரு தரப்பு இந்த மையம்தான். 1982-ல் தேசியச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் பொதுச்செயலாளர் சிரில் ராமபோசா. அஞ்சல் வழியில் சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர். சங்கமும் சட்டமும் அங்கே ஒரே ஆளுக்குள் சந்தித்தன.

தங்கவயலில் அந்தச் சந்திப்பு வேறு விதமாக நடந்தது. 1947-ன் தொழில் தகராறு சட்டம் தொழிலாளியைப் பிரதிநிதித்துவப்படுத்தும் உரிமையைச் சங்க நிர்வாகிக்குத் தந்தது. சமரசப் பேச்சில் வக்கீல் வரக் கூடாது என்றது. தொழில் நடுவர் மன்றத்தில்கூட எதிர்த்தரப்பு சம்மதித்து, மன்றமும் அனுமதித்தால்தான் வர முடியும் என்று இருந்தது. பண பலமுள்ள முதலாளி பெரிய வக்கீலை வைத்து ஏழையை நசுக்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதிய பிரிவு அது. அதனால் தங்கவயலில் அங்கி இல்லாத வக்கீல்கள் ஒரு பரம்பரையாகவே உருவானார்கள். குற்றப்பத்திரிகைக்குப் பதில் எழுதுவதும், விசாரணையில் குறுக்குக் கேள்வி கேட்பதும், போனஸ் கணக்கைப் பிரித்துப் போடுவதும் சங்கத் தோழர்களின் வேலை. தங்கவயலின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் எம்.சி.நரசிம்மன் போல, தொழிலாளர் வழக்குகளில் பேர்பெற்ற வக்கீலாகவும் இருந்தவர்கள் சிலரே. மற்றபடி சட்ட அறிவு சங்க அலுவலகத்தில் இருந்தது, நீதிமன்ற வளாகத்தில் இல்லை.

சுரங்கம் இருந்தவரை இது பலம். சுரங்கத்தை 1956-ல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது, பிறகு மத்திய அரசு எடுத்துக்கொண்டது, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் ஆனது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். சங்கத்துக்கு எதிரே பேச நிர்வாகம் இல்லை. பேச்சு மேசை போய், வழக்கு பெங்களூரு உயர் நீதிமன்றத்துக்கும் அங்கிருந்து டெல்லிக்கும் ஏறியது. அங்கே ரிட் மனு, சீனியர் வக்கீல், ஒரு நாள் ஆஜருக்கு ஒரு தொகை. அங்கி இல்லாத வக்கீல்களுக்கு அந்தக் கூடத்தில் நாற்காலி கிடையாது. 2013-ல் உச்ச நீதிமன்றம் சுரங்கத்துக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோர மத்திய அரசுக்கு அனுமதி தந்தது. லைன் வீட்டின் உரிமை, நிலுவைத் தொகை, சயனைடு மேடுகளிலிருந்து காற்றில் வரும் தூள் என்று கேள்விகள் மிச்சம் இருந்தன. அவற்றைக் கேட்கும் அமைப்புதான் சங்கத்தோடு கரைந்துவிட்டது. ஐம்பது ஆண்டு சேர்ந்த சட்ட அறிவு அடுத்த தலைமுறையின் கைக்கு ஒரு தொழிலாக மாறி வரவில்லை. இந்த ஒப்பீட்டில் எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுவது இதுதான்.

இரண்டு மனிதர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நவநீதம் பிள்ளை டர்பனில் 1941-ல் பிறந்த தமிழ்ப் பெண். அப்பா பஸ் ஓட்டுநர். அவர் சட்டம் படிக்க ஊர் மக்கள் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். படித்து முடித்தபோது எந்த நிறுவனமும் வேலை தரவில்லை. வெள்ளை ஊழியர்கள் அவரிடம் உத்தரவு வாங்க மாட்டார்கள் என்றார்கள். 1967-ல் சொந்த அலுவலகம் திறந்தார். நேட்டாலில் அப்படிச் செய்த முதல் வெள்ளையரல்லாத பெண் அவர்தான். 1973-ல் ராபன் தீவுக் கைதிகள் வக்கீலைப் பார்க்கும் உரிமையை வழக்காடிப் பெற்றார். அந்த நாட்டின் உயர் நீதிமன்றத்தில் 1995-ல் நீதிபதியாக அமர்ந்தார். ருவாண்டா தீர்ப்பாயமும் ஐ.நா. மனித உரிமை ஆணையர் பதவியும் அதற்குப் பிறகு வந்தவை.

பெஜவாடா வில்சன் தங்கவயலில் 1966-ல் பிறந்தவர். தெலுங்கு பேசும் குடும்பம். அப்பாவும் அண்ணனும் உலர் கழிப்பறைகளில் மலம் அள்ளினார்கள். அந்தக் கழிப்பறைகளை மூடச் சொல்லி எண்பதுகளின் நடுவில் சுரங்க நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். அப்படி ஒன்றும் இங்கே இல்லை என்ற மறுப்புக்குப் புகைப்படங்களால் பதில் சொன்னார். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 1993-ன் சட்டம் நாடு முழுவதும் ஏட்டில் கிடந்தபோது, 2003-ல் அவருடைய சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 2014 மார்ச் 27 தீர்ப்பு, 1993 முதல் சாக்கடைக் குழியில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பத்து லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2016-ல் அவருக்கு மகசேசே விருது. தங்கவயல் இந்தியச் சட்டத்துக்குத் தந்த மிகப் பெரிய கொடை இது. அதைத் தந்தவர் வக்கீல் அல்ல. டர்பனில் ஊர் சேர்ந்து ஒரு பிள்ளையை நீதிமன்றத்துக்குள் அனுப்பியது. இங்கே ஒரு பிள்ளை வெளியே நின்று, உள்ளே இருப்பவர்களின் துணையோடு நீதிமன்றத்தை அசைத்தார். இரண்டும் வேண்டும். முதல் வகை தங்கவயலிலிருந்து ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது என்பதே கேள்வி.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். 2018 தொடங்கி 2023-ன் நடு வரை இந்திய உயர் நீதிமன்றங்களில் 604 நீதிபதிகள் நியமிக்கப்பட்டார்கள் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. பிரிவு தெரிந்தவர்களில் பட்டியல் சாதியினர் 18 பேர், பழங்குடியினர் 9 பேர், பிற்படுத்தப்பட்டோர் 72 பேர், சிறுபான்மையினர் 34 பேர், பொதுப் பிரிவினர் 458 பேர். தென்னாப்பிரிக்க அரசமைப்பு, நீதித்துறை நாட்டின் இன, பாலின அமைப்பைப் பிரதிபலிக்க வேண்டிய தேவையை நியமனத்தின்போது கருத்தில் கொள்ள வேண்டும் என்று தன் 174-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறது. நம் அரசமைப்பில் உயர் நீதிமன்றங்களுக்கு அப்படி ஒரு வரி இல்லை. உச்ச நீதிமன்றத்துக்கு 1980-ல் சென்ற முதல் தலித் நீதிபதி ஏ.வரதராஜன், ஜோலார்பேட்டைக்காரர். தங்கவயலுக்கு ஆள் ஏற்றிப் போன ரயில் நின்ற ஊர் அது. அவர் மேலேறியது பெரிய சீனியர்களின் சேம்பர் வழியாக அல்ல, முன்சீப் பதவியில் தொடங்கி நீதித்துறைப் பணி வழியாக. தேர்வு வைத்த வாசலில் நுழைய முடிந்தது. அறிமுகம் கேட்கும் வாசல் இன்றும் குறுகியே இருக்கிறது.

அந்தக் குறுகிய வாசல் எது என்பதை நீதிமன்ற வளாகத்தில் நின்றவர்கள் அறிவார்கள். பட்டம் வாங்கியபின் வரும் முதல் நான்கைந்து ஆண்டுகள்தான் அது. தங்கவயலிலேயே கெங்கல் அனுமந்தையா பெயரில் சட்டக் கல்லூரி இருக்கிறது. விதான சௌதாவைக் கட்டிய அந்த முதலமைச்சரும் வக்கீல்தான். ஆகவே பட்டம் எட்டாத பொருள் அல்ல. ஆனால் ஜூனியருக்கு சீனியர் தருவது பல இடங்களில் போக்குவரத்துச் செலவு மட்டுமே. அப்பா பெங்களூருக்கு ரயிலேறிக் கூலிக்குப் போகும் வீட்டில், பட்டம் வாங்கிய பிள்ளை நான்கு வருஷம் சம்பளம் இல்லாமல் கறுப்புக் கோட்டோடு நிற்க முடியாது. பிள்ளையும் அதே ரயிலில் ஏறி ஏதாவது கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறது.

அண்மையில் சில நல்லவை நடந்திருக்கின்றன. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம், வக்கீலாகப் பதிவு செய்யப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும் பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கும் மேல் வாங்கக் கூடாது என்றது. அதற்கு முன் சில மாநிலங்களில் அது பல்லாயிரங்களில் இருந்தது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்றது. இந்திய பார் கவுன்சிலும் அந்த அளவைப் பரிந்துரைத்தது, கட்டாயமாக்கவில்லை. சின்ன ஊர் சீனியருக்கே மாதம் எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் கட்டாயமாக்குவது எளிதும் அல்ல. பட்டியல் சாதி சட்டப் பட்டதாரிகளுக்குப் பயிற்சிக் காலத்தில் கர்நாடக அரசு தரும் உதவித்தொகை இங்கே மிக முக்கியமானது. ஷம்நாத் பஷீர் 2010-ல் தொடங்கிய ஐடியா அமைப்பு ஏழைப் பிள்ளைகளைத் தேசியச் சட்டப் பள்ளிகளுக்குத் தயார் செய்கிறது. அவர் 2019-ல் இளம் வயதிலேயே மறைந்தது இந்தத் துறைக்குப் பேரிழப்பு. அந்தப் பிள்ளைகள் படித்து முடித்துப் பெருநகர நிறுவனங்களுக்குப் போவதில் தவறில்லை. தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை நீதிமன்றத்துக்குத் திரும்ப விரும்பும் ஒருவருக்கும் வழி இருக்க வேண்டும் என்பதே என் கவலை.

இந்த இடத்தில் தென்னாப்பிரிக்கா செய்த ஒன்று நமக்கு நேரடியாக உதவும். அங்கே அரசின் சட்ட உதவி அமைப்பு ஊர்தோறும் அலுவலகம் வைத்து, முழுநேரச் சம்பள வக்கீல்களை அமர்த்தி, அவர்களுக்குக் கீழே பயிற்சி வக்கீல்களையும் சம்பளத்துக்கு எடுக்கிறது. ஏழைக்கு வக்கீல் கிடைப்பதும் ஏழைப் பிள்ளை வக்கீலாவதும் ஒரே அலுவலகத்தில் நடக்கிறது. நம் 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தாராளமானது. பட்டியல் சாதியினர், பெண்கள், தொழிலாளர்கள் வருமான வரம்பின்றி இலவச உதவி பெறலாம். ஆனால் வேலையைச் செய்வது வழக்குக்கு இவ்வளவு என்று சிறு தொகை பெறும் குழு வக்கீல்கள். அந்தக் குழுவில் சேரக் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். எந்த மூன்று ஆண்டில் பிள்ளைகள் தொழிலைவிட்டுப் போகிறார்களோ அந்த மூன்று ஆண்டுதான். குற்ற வழக்குகளில் முழுநேர வக்கீல்களை அமர்த்தும் முறை 2022 முதல் பரவிவருகிறது. அதைத் தொழிலாளர் இழப்பீட்டுக்கும் விரித்து, ஜூனியர்களையும் அதற்குள் சம்பளத்துக்கு எடுப்பது சாத்தியமே.

தங்கவயல் வக்கீலிடம் இருக்கும் ஒரு செல்வத்தையும் மறந்துவிடக் கூடாது. கட்சிக்காரர் தமிழில் சொல்வார், அண்டை வீட்டுச் சாட்சி தெலுங்கிலோ உருதுவிலோ சொல்வார், கீழ்க்கோர்ட்டுப் பதிவு கன்னடத்தில் இருக்கும், மேல்முறையீடு ஆங்கிலத்தில் போகும். இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இவையெல்லாம் தெருவிலேயே வந்துவிடும். வெளியூரிலிருந்து வரும் வக்கீலுக்கு இவ்வளவையும் ஒருசேரக் கற்றுக்கொள்வது கடினம்.

தென்னாப்பிரிக்காவைச் சொர்க்கமாகக் காட்டுவது என் நோக்கம் அல்ல. அங்கே பெரிய நிறுவனங்களின் மேல்தட்டு இன்னும் போதிய அளவு மாறவில்லை. வக்கீல் துறையில் கறுப்பர் பங்கை உயர்த்த 2024-ல் வந்த விதித்தொகுப்பை எதிர்த்து வக்கீல் நிறுவனமே நீதிமன்றம் போனது. அறக்கட்டளையின் பணம் வருவதற்குள் இறந்தவர்கள் பலர். அங்கே வழக்கு நிற்க ஒரு காரணம், எதிரே உயிரோடு இருந்த பணக்கார நிறுவனங்கள். தங்கவயலை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி 1956-லேயே விலகிவிட்டது, அதன் பின்வந்த நிறுவனமும் மூடிவிட்டது, யார் மேல் வழக்கு என்று கேட்கலாம். பதில் கடினமல்ல. 1956-க்குப் பிறகு கீழே இறங்கியவர்கள் எல்லோரும் அரசின் சுரங்கத்தில் இறங்கியவர்கள். அரசு மூடிப் போகாது. ராஜஸ்தான் 2019-ல் தன் கல்குவாரித் தொழிலாளர்களின் நுரையீரல் நோய்க்கென்று தனிக் கொள்கையே வகுத்து இழப்பீடு தருகிறது. கர்நாடகமும் மத்தியச் சுரங்க அமைச்சகமும் சேர்ந்து அதைத் தங்கவயலுக்குச் செய்ய முடியும். செய்யாவிட்டால் கேட்க வேண்டும்.

கேட்பதற்குக் காலம் குறைவு. சுரங்கம் இயங்கிய காலத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இரண்டு ஆண்டுக்குள் கேட்கச் சொன்னது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கவும் அதில் இடம் இருந்தது. சுரங்கத்தைவிட்டுப் பல ஆண்டுகள் கழித்தே தலைகாட்டக்கூடிய நோய்க்கு அதைவிடத் தக்க காரணம் இருக்க முடியாது. தொண்ணூறுகளில் கடைசியாக இறங்கிய தலைமுறைக்கு இப்போது அறுபது எழுபது வயது. அவர்களிடம் பழைய பாஸ் இருக்கிறது, சம்பளச் சீட்டு இருக்கிறது, சிலரிடம் மார்பு எக்ஸ்ரேயும் இருக்கிறது. உள்ளூர்ச் சட்டக் கல்லூரி மாணவர்களைப் பத்துப் பத்துப் பேராக லைன்களுக்கு அனுப்பி, பெயர், ஷாஃப்ட், வேலை செய்த ஆண்டுகள், மருத்துவச் சீட்டு ஆகியவற்றைப் பதிவு செய்யும் வேலையை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். அங்கி இல்லாத பழைய வக்கீல்களில் இன்னும் இருப்பவர்களை அந்த மாணவர்களுக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். எந்த நிலுவை எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பெங்களூரில் பேர்பெற்ற சீனியர்கள் இரண்டு மூன்று பேர் பொல்லக்கைப் போலக் கட்டணமின்றிக் கையெழுத்துப் போட முன்வந்தால், மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் எடுத்த விவரங்களைக் கொண்டே முதல் தொகுதி மனுக்களைத் தாக்கல் செய்துவிடலாம்.